உபயப் பதிவுப் பக்கம்: பாட்டியும் நிரப்ப வேண்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் என்று எந்தத் தோட்டப் பட்டணத்தில் இருந்தாலும், இணையத்தளம் செய்யப் பழகுகிறவருக்கு முதலில் வந்து சேரும் வேலை பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: கோயில் திருவிழாவுக்கு உபயப் பதிவு, தமிழ்ப்பள்ளிக்கு மாணவர் பதிவு, இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டுக்கடைத் தளத்தில் கை பழகும், அவ்வளவுதான். உபயப் பதிவில்தான் முழுப் பாடமும் கிடைக்கிறது. படிவம், பெயர், தேதி, காசு, ஒரே உபயத்துக்கு இரண்டு குடும்பம் போட்டி, கடைசி நேர மாற்றம் எல்லாம் அதில் உண்டு. ஆகவே ஒரு மாரியம்மன் கோயில், பத்து நாள் திருவிழா, நாளுக்கு நான்கைந்து உபயம் என்று வைத்துக்கொண்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்போம்.

பக்கத்தைத் திறக்கப்போவது யார் என்பதை வேலை தொடங்கும் முன்பே மனத்தில் நிறுத்த வேண்டும். மகன் மாற்றிவிட்டுக் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி, எழுத்தளவைக் கடைசிப் படிவரை ஏற்றி வைத்திருக்கும் பாட்டி. கித்தா (ரப்பர்) மரம் வெட்டி வெட்டி விரல்நுனி காய்ப்பேறியதால், தொட்டால் திரை ஒருமுறை கேட்கும், ஒருமுறை கேட்காது. செம்பனைக் குலை இறக்கித் தோள் போனவர் ஒரு கையால்தான் எதையும் செய்வார். சர்க்கரை வியாதியில் பார்வை மங்கியவர் உண்டு. பார்வையே இல்லாமல் டாக்பேக் என்ற குரல்வாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் செயலி) சொல்வதைக் கேட்டுக் கைப்பேசி புழங்குகிறவரும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் இணைப்பு வருவது புலன (வாட்ஸ்அப்) குழுவில், நடுப்பகல் வெயிலில். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 தகவல் தொடர்பு வசதியையும் அவர்களின் உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கணக்கு எளிது. இவர்களை விட்டுவிட்டால் உபயம் எடுக்க ஆளில்லை.

கற்கும் வரிசை

ஜாவாஸ்கிரிப்டில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பற்றிக் காணொளி நான்கு பார்த்துவிட்டு, டிவ் என்ற பொருளற்ற வெற்றுப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பக்கம் கட்டி, பிறகு அதைக் குரல்வாசிப்பானுக்கு ஏற்றதாக மாற்றப் போராடுவார்கள். அடித்தளத்தில் கம்பி வைக்காமல் வீட்டை எழுப்பிவிட்டுச் சுவரைக் குடைகிற கதைதான். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல். முதலில், அதிலும் படிவங்களில் நிறைய நாள். அடுத்து தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். மூன்றாவதாக சர்வரும் தரவுத்தளமும். ஜாவாஸ்கிரிப்ட் கடைசி. உபயப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாமல் முழுதாக வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அதன்மேல் வசதிகளைச் சேர்க்கலாம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே சிக்னல் போய் வரும் இடத்தில் ஸ்கிரிப்ட் கோப்பு பாதியில் நின்றுபோனாலும் படிவம் போய்ச்சேரும்.

பக்கத்தின் தலையில் நான்கு விஷயம் சரியாக இருக்க வேண்டும். எழுத்துக் குறிமுறை யு.டி.எஃப்-8. மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல். டேக்கிலேயே லாங் பண்பில் அறிவிப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் வெவ்வேறு தலைப்பு. கடைசியாக, பக்கத்தைக் கைப்பேசித் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி. இந்த வியூபோர்ட் வரியில் பெரிதாக்குவதைத் தடுக்கும் ‘யூசர்-ஸ்கேலபிள் நோ’ என்பதைப் பலர் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பாட்டி இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பார், பக்கம் அசையாது. அதை எடுத்துவிடுங்கள்.

லாங் பண்பை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதைக் காதால் கேட்டால்தான் புரியும். ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால், சில குரல்கள் அப்படியே தாண்டிவிடும், சில எழுத்தின் பெயரை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும். நம் ஊர்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் வாக்கியத்தின் நடுவே தாமான் பெயரும் ஜாலான் பெயரும் ரோமன் எழுத்தில் மலாயில் வரும். அந்தத் துண்டை மட்டும் ஒரு ஸ்பான் டேக்கில் போட்டு அதன் மொழி மலாய் என்று அறிவித்தால், அந்த இடத்தில் மலாய்க் குரலுக்கு மாற வழி கிடைக்கும். எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முகவரிக்கும் அரசாங்க அலுவலகப் பெயருக்கும் செய்தால் போதும்.

அடுத்த குற்றம் நோட்டீஸ். அச்சகத்தில் அடித்த திருவிழா நோட்டீசை ஒரே படமாகப் பக்கத்தில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். குரல்வாசிப்பான் அதைப் பார்த்து ‘படம்’ என்று மட்டும் சொல்லும், அல்லது கோப்பின் பெயரை வாசிக்கும். எழுத்தளவைக் கூட்டினால் படத்தில் உள்ள எழுத்து பெரிதாகாது. கூகுள் தேடலிலும் சிக்காது. படத்துக்கான மாற்று எழுத்தைத் தாங்கும் ஆல்ட் பண்பில் முழு நோட்டீசையும் திணிப்பது தீர்வல்ல. நாள், நேரம், உபயம், உபயக்காரர் என்ற அட்டவணையைப் பக்கத்தில் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படத்தை வேண்டுமானால் கீழே வையுங்கள், ஆல்டில் ‘அச்சு நோட்டீஸ், விவரம் மேலே உள்ளது’ என்று எழுதினால் போதும். அலங்காரக் கோலம், மாவிலைத் தோரணப் படங்களுக்கு ஆல்டை வெறுமையாக விடுங்கள். பண்பையே எழுதாமல் விடுவது வேறு, எழுதி வெறுமையாக விடுவது வேறு. முன்னதில் கோப்புப் பெயர் ஒலிக்கும், பின்னதில் வாசிப்பான் தாண்டிப் போகும்.

பட்டனும் டிவ்வும்

பார்வைக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும், நடத்தையில் ஏணி வைத்தாலும் எட்டாது. பட்டன் டேக்கில் எழுதினால் டேப் விசைக்கு நிற்கும், என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும், குரல்வாசிப்பான் ‘பதிவு செய், பட்டன்’ என்று சொல்லும், படிவத்தை அனுப்பவும் அதற்குத் தெரியும். இதெல்லாம் இலவசம். டிவ்வில் எழுதிக் கிளிக்கை மட்டும் மாட்டினால் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. டேப்இன்டெக்ஸ், ரோல், இரண்டு விசைக்கும் தனித்தனி நிகழ்வு என்று நான்கு வேலை செய்து, பட்டன் சும்மா கொடுப்பதைப் பாதி திரும்பப் பெறலாம். குரல்வாசிப்பானுக்கு விளக்கம் சொல்லும் ஏரியா பண்புகளுக்கு முதல் விதியே இதுதான்: எச்.டி.எம்.எல்.லில் ஏற்கெனவே அந்தப் பொருள் இருந்தால் அதையே பயன்படுத்து. பக்கத்தை மாற்றுவது சுட்டி, அதே பக்கத்தில் ஏதாவது செய்வது பட்டன். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

வெப்எயிம் என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே ஆறு குறைகள்தான் முன்வரிசையில்: எழுத்து நிறம் மங்கல், படத்துக்கு ஆல்ட் இல்லை, படிவப் பெட்டிக்கு லேபிள் இல்லை, வெறும் சுட்டி, வெறும் பட்டன், பக்கத்தின் மொழி அறிவிக்கப்படவில்லை. ஆறில் ஒன்றுகூட மேதாவித்தனம் கேட்பதில்லை.

படிவம், பெட்டி பெட்டியாக

பெட்டியின் பெயரைச் சொல்லும் லேபிளின் ‘ஃபார்’ பண்பும், பெட்டியான இன்புட்டின் ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். சரிபார்க்க ஒரு நொடி போதும்: லேபிள் எழுத்தைத் தொட்டால் பெட்டிக்குள் கர்சர் போக வேண்டும். காய்ப்பேறிய விரலுக்கு அந்த லேபிளே கூடுதல் தொடுபரப்பு. இடம் மிச்சம் என்று லேபிளை எடுத்துவிட்டு ‘உங்கள் பெயர்’ என்பதை பிளேஸ்ஹோல்டரில் சாம்பல் நிறத்தில் போடுவார்கள். முதல் எழுத்து தட்டியதும் அது மறைந்துவிடும். பாதியில் பேரன் கூப்பிட்டு எழுந்து போய் வந்தால், எந்தப் பெட்டியில் எதை எழுதினோம் என்று தெரியாது.

பெயருக்கு ஒரே பெட்டி. வெளிநாட்டு வார்ப்புருக்களில் வரும் ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ நமக்கு ஒத்துவராது. அடையாள அட்டையில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று சாய்கோட்டுடன்தான் பெயர் இருக்கும், சிலருக்கு மாற்றுப் பெயர் ‘@’ குறியுடன் இருக்கும். எழுத்துகள் மட்டுமே ஏற்கப்படும் என்று சரிபார்ப்பு வைத்தால் நம் ஊரில் பாதிப் பேருக்குப் ‘பெயர் தவறு’ என்று வரும். தன் பெயரே தவறு என்று ஒரு பக்கம் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

தொலைபேசி எண்ணுக்கு டைப் ‘டெல்’. ‘நம்பர்’ வைக்கக் கூடாது. அது எண்ணிக்கைக்கான பெட்டி. தரவுத்தளத்திலும் எண் வகையில் சேமித்தால் 012 என்பது 12 ஆகிவிடும், அழைக்கவே முடியாது. எழுத்து வகையில் சேமியுங்கள். பத்து இலக்கம் கட்டாயம் என்று வைத்தால் 011 இல் தொடங்கும் எண்கள் மாட்டும், அவற்றுக்குப் பதினொரு இலக்கம். கோடு, இடைவெளி, முன்னால் +60 எதைப் போட்டாலும் ஏற்றுக்கொண்டு சர்வரில் சுத்தம் செய்யுங்கள். மனிதர் எழுதும் விதத்துக்குக் கணினி வளைந்து கொடுக்கட்டும்.

ஐசி (அடையாள அட்டை) எண் உபயத்துக்குத் தேவையே இல்லை. கேட்காதீர்கள். தேவையில்லாத தனிநபர் தகவலைச் சேர்த்து வைத்தால் அதைக் காவல் காக்கும் பொறுப்பும் நம் தலையில். பள்ளிப் பதிவுக்குத் தேவைப்படும். அப்போது ஆறு, இரண்டு, நான்கு என்று மூன்று பெட்டியாக உடைத்து, நிரம்பியதும் அடுத்ததற்குத் தானாகத் தாவும்படி செய்யாதீர்கள். குரல்வாசிப்பான் கேட்பவருக்குத் தாம் இடம் மாறியதே தெரியாது, திருத்தப் பின்னால் வந்தாலும் மறுபடி முன்னே தள்ளும். ஒரே பெட்டி, இன்புட்மோட் ‘நியூமெரிக்’, கீழே ‘12 இலக்கம், கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி’ என்று ஒரு வரி. அந்த வரியை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் பெட்டியுடன் கட்டிவிட்டால் வாசிப்பான் பெட்டிப் பெயரோடு அதையும் சொல்லும்.

நாளைத் தேர்ந்தெடுக்க நாள்காட்டி விட்ஜெட் வேண்டாம். இருப்பதே பத்து நாள். ரேடியோ பொத்தான்களாக அடுக்கி, ஃபீல்ட்செட் என்ற குழுவுக்குள் வைத்து, அதன் தலைப்பான லெஜண்டில் ‘எந்த நாள் உபயம்?’ என்று எழுதினால் முடிந்தது. ஏற்கெனவே எடுத்துவிட்ட நாளைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது, ‘பதிவாகிவிட்டது’ என்று எழுத்தில் இருக்க வேண்டும். தொடுபரப்பின் அளவு குறித்து, 2023 அக்டோபரில் வெளிவந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் ஏஏ நிலை 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. அது குறைந்தபட்சம். நம் ஊர் விரல்களுக்கு 44 வைத்தால் நிம்மதி. பெட்டிக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போனால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் திரை தானாகப் பெரிதாகிப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், அதையும் கவனியுங்கள்.

தவறு நேர்ந்தால் சொல்லும் விதம். ‘செல்லாத உள்ளீடு’ என்று மேலே சிவப்பில் ஒரு வரி யாருக்கும் உதவாது. பக்கத்தின் மேலே ‘இரண்டு இடம் சரிபார்க்க வேண்டும்’ என்ற தலைப்பு, அதன்கீழ் ஒவ்வொரு தவறுக்கும் அந்தப் பெட்டிக்கே கொண்டுபோகும் சுட்டி, பெட்டிக்கு அருகில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியம், பெட்டியில் தவறு இருப்பதை வாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-இன்வேலிட். பக்கத் தலைப்பின் முன்னாலும் ‘பிழை’ என்று சேருங்கள், பக்கம் ஏறியதும் வாசிப்பான் முதலில் சொல்வது அதைத்தான். எழுதியது எல்லாம் அப்படியே பெட்டிகளில் இருக்க வேண்டும். எல்லாம் அழிந்து வெறும் படிவம் வந்தால் இரண்டாவது தடவை யாரும் நிரப்ப மாட்டார்கள், நேரே கோயில் செயலாளர் வீட்டுக்குத்தான் நடப்பார்கள். எல்லாப் பெட்டியும் நிரம்பும்வரை ‘அனுப்பு’ பட்டனை மங்கலாக்கிப் பூட்டி வைப்பதும் இதே வகைத் தொல்லை. எது குறைகிறது என்று சொல்லாத பூட்டு அது.

தமிழ் எழுத்தின் உள்வேலை

வழிகாட்டி நூல்களில் இது இருக்காது. யூனிகோடுக்கு முன் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களோடு வளர்ந்த மலேசியாவில், பழைய எழுத்துருக் குறிமுறையில் அடித்த பெயர்ப்பட்டியல்கள் இன்னும் கோயில் அலமாரிக் கணினிகளில் கிடக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் பக்கத்தில் பொருளற்ற குறிகள்தான் வரும், எழுத்துருவை மாற்றிப் பூசி மெழுகினாலும் குரல்வாசிப்பான் உண்மையைச் சொல்லிவிடும். குறிமாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே ஏற்றுங்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் உண்டு. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் சேமிக்கும் முன், பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே சீராக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். சர்வரில் ஓடும் நிரல்மொழியான பி.எச்.பி.யில் நார்மலைசர், ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ். கோயில் தளத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: ‘ஸ்ரீ’. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. என்.எஃப்.சி. இதை ஒன்றாக்காது. அதேபோல ‘கௌரி’. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டுகிறவர்கள் ஏராளம்.

இதற்குத் தீர்வு, தரவுத்தள அட்டவணையில் பெயருக்கான பத்தியை (நெடுவரிசையை) தொடாமல் தேடலுக்கென்று தனியாக இன்னொரு பத்தி வைப்பது. அதில் ஶகரத்தை ஸகரமாக்கி, ‘ெ’ குறியை அடுத்து ‘ள’ வந்தால் இரண்டையும் சேர்த்து ஔகாரக் குறியாக்கிச் சேமியுங்கள். தேடும் சொல்லுக்கும் அதே மாற்றத்தைச் செய்து ஒப்பிடுங்கள். மூலப் பெயரிலேயே இந்த மாற்றத்தைச் செய்தால் ‘வெள்ளி’ சிதைந்துபோகும், அதிலும் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வருகின்றன அல்லவா? தேடல் பத்தியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிதைவதால் பாதகமில்லை.

நீளத்தை எண்ணுவதும் ஏமாற்றும். ‘தோட்டம்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. பி.எச்.பி.யின் எஸ்.டி.ஆர்.லென் 21 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 இல் மூன்று பைட். எம்.பி. எஸ்.டி.ஆர்.லென் 7 சொல்லும், புள்ளியும் ஓகாரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். கிராஃபீம் எஸ்.டி.ஆர்.லென் மட்டும்தான் 4 என்று நம்மோடு ஒத்துப்போகும். பட்டியலில் இடம் போதாமல் பெயரை வெட்டும்போது இது வெளியே தெரியும். பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வரும். குறிக் கணக்கில் வெட்டினால் புள்ளி கழன்று ‘தோட்டம்’ என்பது ‘தோட்டம’ ஆகும். வெட்டாமல் அடுத்த வரிக்கு மடிய விடுவதுதான் நல்லது.

மடிய விடுவதற்கும் சி.எஸ்.எஸ்.ஸில் சொல்ல வேண்டும். ‘பதிவுசெய்துகொண்டவர்களுக்கு’ என்ற ஒரே சொல், எழுத்தளவு கூட்டிய கைப்பேசியில் திரையைத் தாண்டி வெளியே போய்ப் பக்கமே பக்கவாட்டில் ஆடும். ஓவர்ஃப்ளோ-ராப் ‘எனிவேர்’ என்று வைத்தால் சொல் தேவைப்பட்ட இடத்தில் முறியும். பட்டன்களுக்கு நிலையான அகலமும் உயரமும் கொடுக்காமல் பேடிங் மட்டும் கொடுங்கள். மலாயில் ‘ஹந்தார்’ (அனுப்பு) அடங்கிய பெட்டியில் ‘பதிவை உறுதிசெய்’ அடங்காது. வரி உயரம் 1.6 அல்லது 1.7 இருந்தால்தான் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளாது. எழுத்துக்கிடை இடைவெளியை மட்டும் தொடாதீர்கள்.

நிறம்

கோயில் தளம் என்றதும் மஞ்சள், காவி, சிவப்பு மூன்றும் வந்து நிற்கும். நிறங்களில் தவறில்லை, அவற்றை இணை சேர்ப்பதில்தான் தவறு வரும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் 4.5க்கு 1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. காவியின்மேல், அதாவது 255, 153, 51 என்ற கலவையின்மேல், வெள்ளை எழுத்து 2.1தான் தேறும். அதன்மேல் கறுப்பு 9.9. மஞ்சளில், 255, 204, 0 கலவையில், வெள்ளை 1.5, வெயிலில் ஒன்றுமே தெரியாது. அதே மஞ்சளில் #990000 என்ற கருஞ்சிவப்பு 5.9 தருகிறது, மங்களகரமாகவும் இருக்கிறது. வெள்ளைமேல் அந்தக் கருஞ்சிவப்பு 8.9. சாம்பல் எழுத்துப் பிரியர்களுக்கு எல்லைக்கோடு: வெள்ளைமேல் #767676 தேறும், ஒரு படி வெளிறிய #777777 தோற்கும்.

டேப் விசை நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கோட்டை அசிங்கம் என்று ‘அவுட்லைன் நன்’ போட்டு அழிப்பது பரவலான வழக்கம். அழிக்காமல், 3 பிக்சல் கருங்கோடாகத் தடிப்பாக்குங்கள். மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை இருந்தால், டேப்பில் போகும்போது பெட்டி அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். ஸ்க்ரோல்-பேடிங்-டாப்பில் பட்டையின் உயரத்தைக் கொடுத்தால் சரியாகும்.

சர்வர் பக்கம்

எக்ஸாம்ப் (சொந்தக் கணினியையே சர்வராக்கும் தொகுப்பு) ஏற்றிய மடிக்கணினி, பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இவை போதும். அட்டவணையும் தரவுத்தள இணைப்பும் இரண்டுமே யு.டி.எஃப்.8.எம்.பி.4 குறிமுறையில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பெயர்கள் கேள்விக்குறி வரிசையாகவோ பொருளற்ற குறிகளாகவோ சேமிக்கப்படலாம், கேள்விக்குறியாகிவிட்டதை மீட்க வழியில்லை. பயனர் எழுதியதை எஸ்கியூஎல் வரியில் நேரடியாக ஒட்டாமல், அதைக் கட்டளையாக அல்லாமல் வெறும் தரவாகவே எடுத்துக்கொள்ளும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டில் கொடுங்கள். பக்கத்தில் திரும்பக் காட்டும்போது, அதில் உள்ள டேக்குகளை வெறும் எழுத்தாக்கும் எச்.டி.எம்.எல். ஸ்பெஷல்சார்ஸ் வழியாகக் காட்டுங்கள்.

இரட்டைப் பதிவுதான் இங்கே பெரிய வம்பு. ‘இந்த உபயம் காலியா?’ என்று கேட்டு, காலி என்றால் சேர்ப்பது என எழுதுவார்கள். கேட்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே உள்ள நொடியில் இன்னொருவர் நுழைந்துவிட்டால் தேர் உபயம் இரண்டு குடும்பத்துக்கு. அதன்பிறகு நடப்பதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. நாள், உபயம் என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்து, ஒரே இணையை இரண்டாம் முறை ஏற்காத ஒரு யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். நேராகச் சேர்க்க முயலுங்கள். முந்தியவர் இருந்தால் மைஎஸ்கியூஎல் 1062 என்ற பிழையைத் தரும், அதைப் பிடித்து ‘சற்றுமுன் இன்னொருவர் பதிந்துவிட்டார், காலியாக உள்ளவை இவை’ என்று காட்டுங்கள். சேர்த்து முடிந்ததும் 303 திருப்புதலில் தனி நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது படிவம் மறுபடியும் போகும்.

பி.எச்.பி. அமர்வின் இயல்பான ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். மெதுவாக நிரப்புகிறவருக்கு, நடுவில் மகளுக்கு அழைத்து நட்சத்திரம் கேட்கிறவருக்கு, இது போதாது. அனுப்பும்போது, படிவம் நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் பாதுகாப்பு டோக்கன் காலாவதி என்று வந்து எல்லாம் போய்விடும். ஆயுளை இரண்டு மணி நேரமாக்குங்கள். அதையும் தாண்டி டோக்கன் தவறினால், எழுதியதை வைத்துக்கொண்டே புது டோக்கனுடன் படிவத்தைத் திரும்பக் காட்டுங்கள்.

பக்கம் தானாக மாறும்போது

இதற்குப் பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட். நாளைத் தேர்ந்ததும் காலியான உபயங்கள் மட்டும் கீழே மாறிவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவருக்கு மாற்றம் தெரிகிறது. கேட்கிறவருக்கு ஒரு சத்தமும் இல்லை, அவர் காத்துக்கொண்டே இருப்பார். ரோல் ‘ஸ்டேட்டஸ்’ உள்ள ஒரு வெற்று டிவ்வைப் பக்கம் ஏறும்போதே வைத்துவிடுங்கள். பட்டியல் மாறியதும் அதற்குள் ‘மூன்றாம் நாள்: 2 உபயம் காலி’ என்று எழுதுங்கள், வாசிப்பான் தன் பேச்சை முடித்துவிட்டு அதைச் சொல்லும். டிவ்வையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் உருவாக்கிச் செருகினால் பல நேரம் ஒன்றும் சொல்லாது, இந்த இடத்தில் தடுமாறாதவர் குறைவு. முழுப் பட்டியலையும் இப்படித் தானாக ஒப்பிக்கும் லைவ் பகுதிக்குள் வைத்தால் எதிர்ப்பிழை: ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது வரி ஒப்பிக்கும்.

உறுதிப்படுத்தும் பெட்டிக்கு டயலாக் டேக்கை ஷோமோடல் கட்டளையால் திறங்கள். 2022 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் உண்டு. எஸ்கேப்பில் மூடுவது, பின்னணியைச் செயலற்றதாக்குவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். டிவ்வால் செய்த பாப்-அப்பில் டேப் அழுத்தினால் பின்னால் மறைந்திருக்கும் பக்கத்துக்குள் போய் வழி தொலைந்துவிடும்.

சோதனை

தானியங்கிக் கருவிகளை ஓட்டுங்கள், ஆனால் அவை ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அதில் எழுதியிருப்பது பொருளுள்ளதா என்று பார்க்காது. முதலில் மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் மட்டும் கொண்டு ஒரு உபயம் பதியுங்கள். பிறகு 1280 பிக்சல் அகல உலாவியை 400 விழுக்காடு பெரிதாக்குங்கள், அது 320 பிக்சல் கைப்பேசிக்குச் சமம். பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா?

அடுத்து என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் குர்ரன் 2006 இல் தொடங்கிய இலவசக் குரல்வாசிப்பான், அதனோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் உண்டு. குரல் கரகரப்புதான், காது பழகிவிடும். எச் விசை தலைப்புகளுக்கும், எஃப் படிவப் பெட்டிகளுக்கும், பி பட்டன்களுக்கும் தாவும். இன்செர்ட்டும் எஃப்7 உம் சேர்த்தால் எல்லாம் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் ‘இங்கே அழுத்தவும்’ ஐந்து தடவை வந்தால் சுட்டிப் பெயர்களை மாற்ற வேண்டும். கைப்பேசியில் டாக்பேக்கைத் திறக்க, இரண்டு ஒலிப் பொத்தான்களையும் மூன்று நொடி அழுத்திப் பிடிக்கலாம். மூடும் வழியைத் தெரிந்துகொண்டு திறங்கள், முதல் முறை திறந்தவர்கள் பலர் வெளியே வரத் தெரியாமல் தவித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு பாட்டியோடு உட்காருங்கள். ‘பாட்டி, மூணாம் நாள் பால்குட உபயத்த உங்க பேர்ல எழுதிப் பாருங்க’ என்று சொல்லிக் கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘இங்க தட்டுங்க பாட்டி’ என்று விரல் நீண்டால் சோதனை கெட்டது. அவர் தயங்கும் இடம், இரண்டு தடவை தட்டும் இடம், ‘இது என்னய்யா?’ என்று கேட்கும் இடம், இந்த மூன்றை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை மூக்கருகே கொண்டுபோனால் அது எழுத்தளவுக் குறை. கட்டைவிரல் பெட்டியைத் தாண்டிப் போய்த் திரும்பினால் பெட்டிகள் நெருக்கம். மூன்று பேரிடம் இப்படிச் செய்தாலே திருத்த வேண்டியவை இரண்டு பக்கத்துக்கு வரும்.

கடைசியாக அச்சு. எத்தனை அழகாகப் பக்கம் செய்தாலும் கோயில் செயலாளருக்குத் தாளில் பட்டியல் வேண்டும், அதைத்தான் அலுவலக அறைக் கதவில் ஒட்டுவார். சி.எஸ்.எஸ்.ஸில் அச்சுக்கென்று உள்ள மீடியா பிரிண்ட்டில் மெனுவையும் பட்டன்களையும் மறைத்து, எழுத்தைக் கறுப்பாக்கி, 14 புள்ளி அளவு வையுங்கள். அட்டவணைத் தலைப்பை டிஹெட்டுக்குள் போட்டிருந்தால் ஒவ்வொரு தாளிலும் அது திரும்ப வரும். வரிசைகளுக்கு பிரேக்-இன்சைட் ‘அவாய்ட்’ கொடுத்துவிட்டால் உபயக்காரர் பெயர் ஒரு தாளிலும் தொலைபேசி எண் அடுத்த தாளிலுமாகப் பிரியாது. கதவில் ஒட்டப்போகும் பிரதியில் அந்தத் தொலைபேசிப் பத்தியையே மறைத்துவிடுங்கள். எண்கள் உள்ள தாள் செயலாளரின் கோப்பில் மட்டும் இருக்கட்டும்.